கோணல் கொடிமரம்

நிமிர்ந்து நிற்கிற மரத்தைக் கண்டால் சங்கமித்ராவுக்குக் கை சும்மா இருக்காது. ஓடிப்போய் இரண்டு தட்டுத் தட்டினால்தான் மனசு ஆறும். ரோட்டோர மரமோ, புதுக் கட்டடத்துக்கு முட்டுக் கொடுத்த சவுக்குக் கம்போ, எதுவானாலும் சரி. அவள் புருஷன் பீம்ராவ் மாநகரப் பேருந்தில் கண்டக்டர். "ஏம்மே, கட்டுனவன ஒரு நாளு தட்டிக் குடுத்ததில்ல, கம்பத்த மட்டும் தட்டிக் குடுக்குறியே" என்று அவனும் சொல்லாத நாளில்லை. கேட்டால்தானே!

அதே மகராசிக்குக் கோணல் கம்பைக் கண்டால் பற்றிக்கொண்டு வரும். காரணம் இல்லாமல் இல்லை. அவள் பிறந்தது புளியந்தோப்பு ஹவுசிங் போர்டு குடியிருப்பில். அப்பா கிருஷ்ணப்பன் கட்டடங்களுக்குச் சாரம் கட்டுகிறவர். ஒருநாள் சவுக்குக் கட்டோடு கட்டாக ஒரு கோணல் கம்பும் வந்துவிட்டது. அவசரத்தில் அதையும் சேர்த்துக் கட்டிவிட்டார்கள். அது திருகிக்கொண்டு நழுவியதில் மனுஷன் கீழே விழுந்து, வலது காலை அன்றிலிருந்து இழுத்து இழுத்துத்தான் நடக்கிறார். அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சங்கமித்ரா ஆஸ்பத்திரிக் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு, "கோணக் கம்ப எவன் வளத்தான்?" என்று கேட்டாளாம். ஆளாளுக்குச் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை விடவும் இல்லை. வியாசர்பாடி கல்லூரியில் தாவரவியல் படித்தாள். கடைசியில், தோப்பு வைத்திருப்பவர்களுக்கு மரம் வளர்க்கச் சொல்லிக்கொடுக்கும் ஒரு ஆராய்ச்சி மையத்தில் களப் பணியாளராக வந்து உட்கார்ந்தாள்.

உட்கார்ந்தாள் என்று சொன்னது தப்பு. அந்த வேலையில் உட்கார நேரம் ஏது? காலடிப்பேட்டையில் வீடு. காலையில் பையைத் தோளில் மாட்டினால், கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோவில் புகுந்து புறப்பட்டு, எண்ணூரைத் தாண்டி வடக்கே போய்விடுவாள். "எண்ணூர்ல இன்னாம்மே காடு? சாம்பலும் பொகையும்தான கீது" என்று கேட்காத ஆளில்லை. கீதுப்பா, கீது! அனல்மின் நிலையத்துப் புகைக்கூண்டுக்கும் கண்டெய்னர் யார்டுக்கும் கடலுக்கும் நடுவில், மணல் திட்டுகளில், துண்டு துண்டாகச் சவுக்குத் தோப்புகள் இருக்கின்றன. அவற்றின் சொந்தக்காரர்கள் ஜமீன்தார்கள் இல்லை. மீன் விற்கிறவர்கள், ஹார்பரில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள், ரயில்வே கலாசிகள். அவர்களுக்கு மரம் வெட்டத் தெரியும், வளர்க்கச் சொல்லித்தர ஆள் வந்தது கிடையாது. அந்த ஆள்தான் சங்கமித்ரா.

குருசடிக்குப்பத்துத் தோப்பு அப்படி ஒன்று. கடலோரமாக ஒரு சின்ன மாதா கோயில், அதை ஒட்டி மீன் ஏலம் விடுகிற கொட்டகை, அதற்குப் பின்னால் தோப்பு. குப்பத்துக் குடும்பங்கள் எல்லாருக்கும் சேர்ந்த கூட்டுப் பட்டா. தோப்புக்குத் தலைவர் செல்வநாதன், ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிரேன் மேலிருந்தே பேசிப் பழகிய குரல் அவருக்கு, பக்கத்தில் நின்றால் காது அடைத்துவிடும். சங்கமித்ரா முதல் தடவை போய் நின்றபோது அவர் சொன்னது இது:

"மரம் வளக்கறதுக்கு நீ சொல்லித் தரப் போறியா? அப்ப நாளைக்கு கடலு வளக்கறதுக்கும் ஒரு ஆளு வருவான்னு சொல்லு!"

குப்பமே சிரித்தது. அவளும் சேர்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே அங்கேயே ஒட்டிக்கொண்டாள். தோப்பில் விழுகிற சவுக்குச் செத்தையை அடுப்புக்கு ஒட்டக் கூட்டி அள்ளாதீங்க, பாதியை மண்ணுக்கு விடுங்க என்றாள். அடிக் கிளைகளைக் கழித்துவிட்டால் புயல் காற்று மரத்தைச் சாய்க்காமல் ஊடே புகுந்து போகும் என்று காட்டினாள். நெருக்கி நட்ட இடத்தில் நடு வரிசையை முன்னாலேயே வெட்டி எடுக்கச் சொன்னாள். "வளர்ற புள்ளைய வெட்டச் சொல்ற, நீ இன்னா மனுசி?" என்று சண்டைக்கு வந்தவள் ஜூடி. செல்வநாதனின் மனைவி, மீன்காரி, ஏலக் கொட்டகையின் ராணி. வெட்டிய பிறகு பக்கத்து மரமெல்லாம் மளமளவென்று பருத்ததைப் பார்த்ததும் அதே ஜூடிதான் வறுத்த மீனோடு ஓடி வந்தாள். அன்றிலிருந்து தோப்புக்கு வருகிற நாளெல்லாம் சங்கமித்ராவுக்கு மத்தியானச் சோறு ஜூடிக்கா கையால்தான்.

எல்லாம் சரி. ஆனால் ஒரே ஒரு குறை. மரம் பருத்தது, தழைத்தது, காற்றுக்கும் நின்றது. நிமிரத்தான் மாட்டேன் என்றது. அநேகமாக எல்லாமே கன்றிலிருந்தே நெளிந்து வளர்ந்து, இடுப்பை ஒடித்துக்கொண்டு நின்றன. ராயபுரத்து மரக் கிடங்கிலிருந்து வந்த வியாபாரி தோப்பைச் சுற்றிப் பார்த்து, "இது சாரத்துக்கும் ஆவாது, பந்தலுக்கும் ஆவாது. அடுப்பு வெறகு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

மையத்திலிருந்து நல்ல ரகக் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டுப் பார்த்தாள். கடலைத் தள்ளி, நல்ல மண்ணில் அம்பு மாதிரி வளர்கிற ரகம். இந்த உப்புக் காற்றில், உப்புத் தண்ணீரில் முதல் கோடைக்கே கருகிப்போயிற்று. ஜூடி திட்டித் தீர்த்துவிட்டாள். திட்டியதுகூடப் பரவாயில்லை. தோப்பைக் கண்டெய்னர் யார்டுக்குக் குத்தகை கேட்டு ஒரு ஆசாமி அலைந்துகொண்டிருந்தான். வெள்ளை பேன்ட், கையில் கறுப்புப் பை. மரத்தை வழித்து மண்ணைக் கெட்டித்துக் கொடுத்தால் போதுமாம், லாரி நிறுத்திக்கொள்வார்களாம். குப்பத்தில் பாதிப் பேருக்கு ஆசை. மீதிப் பேருக்கு அலுப்பு.

"கோயில் திருவிழா முடிஞ்ச ஞாயித்துக்கெயம கூட்டம் போடறோம்" என்றார் செல்வநாதன். அன்றைக்கு அவர் குரல் இறங்கித்தான் இருந்தது. "விறகுக்கு ஒரு தோப்பா? எத்தினி நாளு இத்தக் கட்டிக்கினு அயுறது மித்ரா? அடுத்த நடவும் கோணலாத்தான் வரும்னா, குட்த்துர்றதுதான் மரியாத."

தோப்பு போனால் கடற்காற்றுக்கும் குப்பத்துக்கும் நடுவில் ஒரு மறைப்பும் கிடையாது. அதைவிட, தான் கால் வைத்த இடத்தில் காடு அழிந்தது என்றால் அவள் எந்த முகத்தோடு அடுத்த தோப்புக்குப் போவாள்?

மே மாதம். மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையேறிக் கிடந்தன. திருவிழாவுக்குக் கொடியேற்றம் சனிக்கிழமை. அந்த வாரம் புதன்கிழமைதான் மாத்தூரில் இருக்கிற மையத்து நாற்றங்காலிலிருந்து கார்குழலி மேடம் போன் பண்ணினார். மரங்களின் மரபு பற்றி ஆராய்ச்சி செய்கிறவர். குருசடிக்குப்பத்து விதையைக் கொண்டுபோய் மாத்தூரின் நல்ல மண்ணில் போட்டுப் பார்த்திருந்தார்.

"மித்ரா, இங்கயும் கோணல்தான் வருது. மண்ணு மேல பழி போடாதீங்க. கோளாறு விதையில. ஆனா உப்புத் தண்ணி ஊத்தினாலும் சாக மாட்டேங்குது, அப்படி ஒரு உறுதி! அந்தத் தோப்புல நேரா நிக்கிற மரம் ஒண்ணாவது இருக்கா? இருந்தா அதுல விதை எடுங்க. பாதிக்குப் பாதி நேரா வந்தாலும் நாம ஜெயிச்சோம்."

"ஒண்ணு கீது மேடம்! ஒண்ணே ஒண்ணு!" சங்கமித்ரா ஷேர் ஆட்டோவில் இருந்தபடியே கத்தியதில் டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டான்.

தோப்பின் நடுவில் நிற்கிறது அந்த மரம். ஆணி அடித்து நிறுத்தியதுபோல நேராக. தோப்புக்குப் போகும்போதெல்லாம் தட்டிவிட்டு வருகிற மரம். இதை யோசிக்காமல் போனேனே, மர மண்டை, மர மண்டை என்று தன் தலையிலேயே குட்டிக்கொண்டு அவள் குப்பத்தில் இறங்கினாள். ஏலக் கொட்டகையில் தட்டில் சோறு போட்டு, வாங்கடைக் கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தாள் ஜூடி.

"ஜூடிக்கா, ஒரு சேதி! ஆனா முதல்ல ஒண்ணு சொல்லு. இம்மாம் பெரிய தோப்புல ஒரே ஒரு மரம்தான் நேரா கீது. மத்ததெல்லாம் எங்க போச்சி?"

"மொதல்ல துன்னு. அப்பால பேசு."

சோற்றை வாயில் வைத்தபடி சங்கமித்ரா நிமிர்ந்து கொட்டகைக் கூரையைப் பார்த்தாள். பார்த்தவள் மெல்லுவதை நிறுத்திவிட்டாள். எத்தனையோ நாள் இந்தக் கூரைக்குக் கீழே சாப்பிட்டிருக்கிறாள். ஒரு நாளாவது அண்ணாந்து பார்த்தாளா? கூரையைத் தாங்குகிற கம்புகள் ஒவ்வொன்றும் சவுக்கு. ஒவ்வொன்றும் நேர்! கோடு போட்ட மாதிரி நேர்! கோயில் பக்கம் இருக்கிற பழைய கம்புகள் பனைமரம் போலப் பருமன். இந்தப் பக்கம் வர வர மெலிந்து, நீளமும் குறைந்து, கடைசிக் கம்பு ஒட்டுப் போட்டுக் கட்டியிருந்தது.

"அக்கா! இதெல்லாம் எங்க புடிச்சீங்க?"

"இது தெரியாதா உனுக்கு? கொடிமரம்டி எல்லாம். வருசா வருசம் திருவிழாக்கு நம்ம தோப்புலதான் வெட்டணும், வெளிய காசு குட்த்து வாங்கக் கூடாது. இருக்கறதுலயே நேரா, ஒசரமா, நல்லதா பாத்து மாதாவுக்கு. கொடி எறக்குனப்புறம் அத்த எரிக்கவும் கூடாது, விக்கவும் கூடாது. கொட்டாய்க்குக் கூரையில ஏத்திருவோம். என் மாமியார் காலத்துக்கும் முன்னாடி இருந்து..."

தட்டு எங்கே போயிற்று, குழம்பு எங்கே போயிற்று என்று சங்கமித்ராவுக்குத் தெரியாது. எழுந்து குதித்துவிட்டாள். ஜூடியின் புடவையெல்லாம் குழம்பு.

"அடிப்பாவி! பேய் புட்ச்சிக்கிச்சா?"

"கோணக் கம்ப எவன் வளத்தான்னு கேட்டேனே அக்கா, ஆஸ்பத்திரில! இப்ப தெரிஞ்சி போச்சி! நல்ல மரத்த எல்லாம் பாத்துப் பாத்துக் கூரைக்கு ஏத்திட்டீங்க. கோணல் மட்டும் கீழ நின்னு காய்ச்சிது. அந்தக் காய்ல இருந்துதான வெத எடுத்தீங்க? கோணலுக்குப் பொறந்தது கோணல். அதுல கொஞ்சம் நேரா வந்தத மறுவருசம் வெட்டினீங்க. மிச்சம் இன்னும் கோணல்!" அவள் கூரையையும் தோப்பையும் மாறி மாறிக் காட்டினாள். ஆனந்தமும் அழுகையும் ஒன்றாக வந்தன. "உங்க தோப்பு கெட்டுப்போவல அக்கா. ஒரு மரம் மிச்சம் கீது!"

ஜூடி முந்தானையைப் பிழிந்தபடி மெதுவாகச் சொன்னாள். "அந்த மரத்துக்குத்தான்டி எங்க வூட்டுக்காரரு நேத்து செவப்புத் துணி கட்டுனாரு. இந்த வருசக் கொடிமரம் அது. வெள்ளிக்கெயம காலீல வெட்றாங்க."

சங்கமித்ரா ஒரே ஓட்டமாக ஓடினாள். வலை பழுது பார்த்துக்கொண்டிருந்த செல்வநாதனிடம் மூச்சு வாங்க எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார். அவளுக்குப் பொறுமை இல்லை. "வெட்டாதீங்க நைனா, வேற எதையாவது வெட்டிக்கோங்க" என்றாள். "மாதாவுக்கு கோணலா நடச் சொல்றியா?" என்றார் அவர். அப்போது அவள் வாயில் சனி புகுந்தது.

"மாதா இன்னா, நேரா தான் வோணும்னு வந்து கேட்டாங்களா?"

சுற்றியிருந்தவர்கள் கை அப்படியே நின்றது. செல்வநாதனின் முகம் கறுத்துவிட்டது.

"தோ பாரும்மா. உன் சாமி அரச மரத்தடில குந்திக்கினு கீறாரு, அவுரு மரத்த வெட்டாம வுட்டுட்டாரு, சரி. எங்க மாதா கடக்கரைல நின்னுக்கினு கீறா. எங்க அப்பன் பாட்டன் கடலுக்குப் போனா திரும்பி வர்றவரைக்கும் கண்ண மூடாம நின்னவ. அவளுக்கு இருக்கறதுலயே நல்லதுதான் குடுப்போம். வீட்டுக்குப் போ."

போனாள். வேறென்ன செய்வாள்? தன் வாயைத் தானே நொந்துகொண்டு போனாள். மறுநாள் முழுக்க வேறொரு தோப்பில் வேலை, மனசெல்லாம் குருசடிக்குப்பத்தில். பீம்ராவிடம் சொல்லிப் புலம்பினாள். அவன் டிக்கெட் பையைத் துடைத்தபடி கேட்டுவிட்டு, "உன் பேர்க்காரி, அந்தக் காலத்து ராசா மவ, உன் சாமி குந்துன அரச மரத்துக் கெளைய தூக்கிக்கினு கடலயே தாண்டுனா. நீ எண்ணூர தாண்ட பயந்துகினு கீற. போய் மன்னிப்பு கேளு. அப்பறம் மரத்தக் கேளு" என்றான். கண்டக்டர் புத்தி சில சமயம் நன்றாகத்தான் வேலை செய்கிறது.

வெள்ளிக்கிழமை காலை அவள் போய்ச் சேர்ந்தபோது தோப்பில் கூட்டம் கூடிவிட்டது. பாட்டு, கைதட்டல், கோயில் மணி. வெட்டுகிறவன் கோடாலியைத் தீட்டி முடித்திருந்தான். மரம் விழும்போது மற்ற மரத்தில் சிக்காமல் இழுக்க, ஃப்ரெடி உச்சியில் கயிறு கட்ட ஏறிக்கொண்டிருந்தான். குப்பத்திலேயே மரம் ஏறுவதில் கில்லாடி அவன், படகில் என்ஜின் பார்க்கிறவன்.

சங்கமித்ரா நேராகச் செல்வநாதன் முன்னால் போய்க் கை கூப்பினாள். "நைனா, அன்னைக்கு நான் பேசுனது தப்பு. உங்க மாதாவப் பத்தி எனுக்கு இன்னா தெரியும்? வாய் கொயுப்புல பேசிட்டேன். மன்னிச்சிக்கோங்க."

அவர் எதிர்பார்க்கவில்லை. இருமினார். "அட வுடும்மே. வந்துட்ட இல்ல, நின்னு பாத்துட்டு கறிச்சோறு துன்னுட்டுப் போ."

அவள் அண்ணாந்து, கையை வாயில் குவித்துக் கத்தினாள். "ஃப்ரெடி! உச்சில காய் கீதா பாரு!"

"கொத்து கொத்தா கீதுக்கா!"

"பச்சையா, காஞ்சிதா?"

"எல்லாம் பச்ச! பிஞ்சி! அத்தன கெளையும் பிதுங்கிக்கினு கீது! இம்மாங் காய் நான் எந்த மரத்துலயும் பாத்ததில்லக்கா!" அவன் ஒரு கிளையை ஒடித்துக் கீழே போட்டான்.

கிளை வந்து ஜூடியின் காலடியில் விழுந்தது. அவள் குனிந்து எடுத்தாள். ஊசி போன்ற இலைக்கு நடுவே சின்னச் சின்னப் பச்சைக் காய்கள், நெருக்கமாக. ஜூடி ஒரு காயை நகத்தால் கீறிப் பார்த்தாள், மீன் வயிற்றைப் பார்க்கிற அதே கண்ணோடு.

"வெத முத்தல" என்றாள் சங்கமித்ரா. "ஆனி மாசம் முத்தும். இப்ப வெட்டுனா ஒண்ணும் தேறாது அக்கா. இந்த மரம் ஒரு தபா காய்ச்சி முத்துனா போதும், தோப்பு பூரா..."

ஜூடி அவளை முடிக்க விடவில்லை. கிளையைத் தூக்கிக்கொண்டு புருஷன் முன்னால் போய் நின்றாள். ஏலக் கொட்டகையில் குரல் கொடுப்பாளே, அந்தக் குரல்.

"யோவ், இப்ப ஏன் போட்டெல்லாம் கரையில கெடக்குது?"

"இன்னாடி கேள்வி இது? தடைக்காலம்."

"இன்னாத்துக்குத் தட?"

"மீனு சினை புடிக்கிற மாசம். இப்ப வாரிட்டா அப்பால கடல்ல இன்னா கெடைக்கும்?"

"கஞ்சி குடிச்சிக்கினு குந்திக்கினு கீறோமே, சினை மீனத் தொடக் கூடாதுன்னு! போன வாரம் எவனோ திருட்டுத்தனமா போட்டு எடுத்தான்னு நீதான அடிக்கப் போன?" அவள் கிளையை அவர் நெஞ்சுக்கு நேரே நீட்டினாள். "தோ பாரு. இதுவும் சினைதான். சினை மரத்த வெட்டி மாதா முன்னால நட்டா, பெத்தவ அவ, சந்தோசப்படுவாளா?"

அடடா! பாட்டும் கைதட்டலும் சட்டென்று நின்றன. கோயில் மணி அடித்தவன்கூட விட்டுவிட்டான். இந்த வார்த்தை தனக்குத் தோன்றவில்லையே என்று சங்கமித்ராவுக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

செல்வநாதன் கிளையை வாங்கினார். காயை உருட்டினார். மரத்தை அடியிலிருந்து நுனிவரை ஒரு தடவை பார்த்தார். சுற்றி நின்ற கோணல் மரங்களையும் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், கிரேன் சங்கிலி இறங்குகிற மாதிரி கடகடவென்று.

"தலமொற தலமொறையா நல்லத எல்லாம் அவளுக்குக் குட்த்துட்டு கோணல நாம வெச்சிக்கினோம். இந்தத் தபா நல்லது இங்க இருக்கட்டும், வளத்து அவளுக்கே தர்றோம். கோணல அவ எட்த்துக்கட்டும்!"

"மாதாவுக்குக் கோணலா?" என்று யாரோ ஒரு பெரியவர் இழுத்தார்.

"ஏன், நம்ம கோணல எல்லாம் அவகிட்ட இல்லாம யார்கிட்ட குட்த்தோம்? குடிச்சிட்டு வந்தவன், பொண்டாட்டிய அடிச்சவன், கடன வாங்கி ஏமாத்துனவன், அல்லாரும் அவ முன்னால போய்த்தான அயுதோம்? அத்தனையும் வாங்கிக்கினா. ஒரு மரத்த வாணாம்னுவாளா?"

அவ்வளவுதான்! "மரியே வாழ்க!" என்று ஃப்ரெடி உச்சியிலிருந்து போட்ட கூச்சலில் கடற்காக்கைகள் பறந்தன. அதற்கப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. கோணல் என்று முடிவாயிற்று, எந்தக் கோணல்? கூட்டம் தோப்புக்குள் சிதறி ஓடியது. "எங்க பக்கத்துல கீற மரம் பாரு, ரெண்டு வளைவு!" "போடா, இது பாரு, பாம்பாட்டம்!" இத்தனை வருஷமாக எதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்களோ, அதை மார்தட்டிக் காட்டினார்கள். கடைசியில் மூன்று இடத்தில் இடுப்பொடிந்து, நுனியில் மறுபடி வானத்தைப் பார்த்த ஒரு மரம் ஜெயித்தது. சங்கமித்ராவும் சண்டை போட்டு அதற்குத்தான் ஓட்டுப் போட்டாள்.

சனிக்கிழமை கொடியேறியது. கொடியை மந்திரித்த ஃபாதர் மரத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்க முடியாமல் ஜெபப் புத்தகத்தால் வாயை மூடிக்கொண்டார். கொடிக் கயிறு ஒவ்வொரு வளைவிலும் சிக்கியது. ஃப்ரெடி ஏறி ஏறி எடுத்துவிட்டான். காசிமேட்டிலிருந்தும் ராயபுரத்திலிருந்தும் வந்த உறவுக்காரர்கள் கேலி பண்ணினார்கள். "கலீஜா கீதே மாமு, வேற மரமே கெடைக்கலியா?" செல்வநாதன் மீசையைத் தடவிக்கொண்டார். "நல்ல மரம் புள்ளத்தாச்சியா கீது. வூட்ல ரெஸ்ட்டு எட்த்துக்கினு கீது."

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். வெள்ளை பேன்ட் ஆசாமியிடம், மழைக்காலம் வரட்டும் பார்ப்போம் என்று சொல்லியாயிற்று.

ஆனி பிறந்தது. காய்கள் பழுப்பேறின. ஃப்ரெடி பறித்துப் போட, சங்கமித்ரா அவற்றை வெயிலில் வேட்டி விரித்துக் காயவைக்கச் சொன்னாள். வெயில் ஏற ஏறக் காய் வாய் திறந்து, சின்ன இறக்கை வைத்த விதைகள் கொட்டின. கொட்டியதும் எறும்பு வந்துவிட்டது, படை படையாக. அவள் பதறிப்போனாள். "இதுக்கா இம்மாம் பேஜாரு?" என்ற ஜூடி, கருவாடு காயவைக்கிற மேசையைக் கொண்டுவந்து, நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி, விதையை அதன் மேல் பரப்பிவிட்டாள். எறும்பு தண்ணீரோரம் நின்று பார்த்துவிட்டுத் திரும்பியது. அந்தத் தந்திரத்தைச் சங்கமித்ரா அதற்கப்புறம் எல்லாத் தோப்பிலும் சொல்லிக்கொடுத்தாள், ஜூடிக்கா பேரைச் சொல்லித்தான்.

பாதி விதை மாத்தூருக்குப் போனது, பாதி கோயிலுக்குப் பின்னாலேயே நாற்றங்காலில். கார்குழலி மேடம் சொன்னதைக் குப்பத்தில் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தாள். "அம்மா நேரு, அப்பன் எல்லாம் கோணல். அதனால எல்லாமே நேரா வராது. வந்ததப் பொறுக்கி வெச்சிக்கிட்டு, வராதத பிடுங்கணும்." ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வரிசை. காலையில் பல் விளக்குவதற்கு முன்னாலேயே போய்த் தங்கள் வரிசை நிமிர்ந்திருக்கிறதா என்று பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது. பக்கத்து வரிசை கோணினால் கேலி, தன் வரிசை கோணினால் காற்று மேல் பழி.

ஐப்பசியில், நல்ல மழை நாளில், ஏலக் கொட்டகையில் கூட்டம். வெள்ளை பேன்ட் ஆசாமியும் பையோடு வந்து நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தான். உட்கார்ந்த இடம்தான் சரியில்லை. வழக்கத்தை விடக் கூடாது என்று இந்த வருஷக் கொடிமரத்தையும் கூரையில் ஏற்றியிருந்தார்கள். வளைந்த கம்பின் மேல் ஓலை எப்படிப் படியும்? சரியாக அந்த இடத்தில் ஒழுகியது. அவன் இந்தப் பக்கம் நகர்ந்தான், அங்கே அடுத்த வளைவு.

"சார், அது மாதா மரம்" என்றார் செல்வநாதன். "பாத்துக்கினே கீது. கொஞ்சம் நனைஞ்சிக்குங்க."

ஜூடி நாற்றுத் தட்டைத் தூக்கிவந்து கூட்டத்தின் நடுவில் வைத்தாள். முழங்கை உயரக் கன்றுகள். வராததைப் பிடுங்கிப் போட்ட பிறகு மிஞ்சியவை. ஒவ்வொன்றும் ஊசி மாதிரி, நேராக. சங்கமித்ராவின் பக்கத்தில் அவளுடைய அப்பா கிருஷ்ணப்பன் உட்கார்ந்திருந்தார். புளியந்தோப்பிலிருந்து அவள்தான் பிடிவாதமாக அழைத்து வந்திருந்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டு தட்டுக்கு அருகே போனார். ஒரு கன்றை எடுத்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, அந்தக் காலத்தில் சாரக் கம்பைப் பார்த்தாரே, அப்படிப் பார்த்தார்.

"இது மேல நான் ஏறுவேன்" என்றார்.

சங்கமித்ரா அழுதேவிட்டாள். வெட்கமில்லாமல், எல்லார் முன்னாலும்.

"யார் யாருக்கு லாரி வோணும், கைய தூக்கு!" என்று செல்வநாதன் கத்தினார். மழைச் சத்தத்தைத் தாண்டி அது ஹார்பர்வரை கேட்டிருக்கும். ஒரு கையும் எழவில்லை. எழலாமா என்று யோசித்த ஓரிரண்டு கைகளையும் ஜூடி பார்த்த பார்வை கீழே இறக்கிவிட்டது. "யார் யாருக்குக் கன்னு வோணும்?" அவ்வளவுதான், தட்டை மொய்த்துவிட்டார்கள். வெள்ளை பேன்ட் ஆசாமி பையைத் தலையில் பிடித்துக்கொண்டு மழையில் இறங்கி நடந்தான். பாவம், ஃப்ரெடிதான் ஓடிப்போய்க் குடை கொடுத்தான்.

மழை விட்டதும் அன்றைக்கே நடவு. எல்லாரும் கன்றோடு தோப்புக்குள் போய்விட்டார்கள். கொட்டகையில் சங்கமித்ரா மட்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளம்பியவள், என்ன நினைத்தாளோ, மேசை மேல் ஏறினாள். கையை உயர்த்தி, கூரையில் இன்னும் சொட்டிக்கொண்டிருந்த அந்தக் கோணல் கம்பை, ஜென்மத்தில் முதல் தடவையாக, இரண்டு தட்டுத் தட்டிக்கொடுத்தாள். பிறகு இறங்கி, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தோப்புக்கு ஓடினாள்.